நான் அடித்த மூன்று பத்திகள்

அன்புள்ள அக்கா,

இன்று ஜூலை 2. இந்தத் தேதியில் நீங்கள் யாரிடமும் அதிகம் பேச மாட்டீர்கள் என்பது தெரிந்தும் எழுதுகிறேன். தொலைபேசியில் அழைத்தால் எடுக்க மாட்டீர்கள். தபாலில் அனுப்பினால் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிடுவீர்கள். நான் செய்த தவறு நாலு பேர் வாங்கிப் படிக்கும் அச்சில்தான் நடந்தது என்பதால், அதை ஒப்புக்கொள்வதையும் நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே செய்கிறேன்.

துருக்கிய நையாண்டி எழுத்தாளர் அஸீஸ் நெசினின் கதைகளை நாம் தமிழாக்கிய அந்தப் புத்தகம் எப்படித் தொடங்கியது, எத்தனை இரவுகள் ஆயின, எந்தக் கதைக்கு யார் முதலில் கை வைத்தோம் என்பதையெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதிப்பகத்தின் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் கேட்டார்கள், கொடுத்தவன் நான். "சிரிப்புக் கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு ரத்தம் எதற்கு?" என்ற அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, இருந்தும் நான் பேனாவை எடுத்து உங்கள் முன்னுரையில் மூன்று பத்திகளை அடித்தேன். மிச்சமிருந்த முன்னுரையில் அஸீஸ் நெசின் 1915இல் இஸ்தான்புல்லை ஒட்டிய ஹெய்பெலித் தீவில் பிறக்கிறார், ராணுவ அதிகாரியாகிறார், இருநூறுக்கும் மேற்பட்ட புனைபெயர்களில் எழுதுகிறார், 1956இலும் 1957இலும் இத்தாலியின் போர்திகெரா நகரில் தங்கப் பனைப் பரிசு வாங்குகிறார், பிறகு வயதாகி இறந்துவிடுகிறார். படித்தவர்கள் "நல்ல தமாஷான மனுஷர் போலிருக்கிறது" என்றார்கள். அந்த வார்த்தையை முதன்முறை கேட்ட அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை.

அடித்ததை இப்போது இங்கே திரும்ப வைக்கிறேன். உங்கள் நடை எனக்கு வராது, என்னால் முடிந்த அளவில் எழுதுகிறேன்.

முதல் பத்தி மார்கோ பாஷாவைப் பற்றியது. 1946இல் எழுத்தாளர் சபாஹத்தின் அலியோடு சேர்ந்து நெசின் தொடங்கிய அந்த நையாண்டி வார இதழை அரசு மீண்டும் மீண்டும் பறிமுதல் செய்தது. ஆசிரியர்களைச் சிறையில் வைத்தது. ஒரு பெயரை மூடினால் இன்னொரு பெயரில் அது வந்தது. அவற்றில் ஒன்று மெர்ஹும் பாஷா, அதாவது காலஞ்சென்ற பாஷா. 'பறிமுதல் செய்யப்படாத நாட்களில் வெளிவரும்' என்று இதழின் தலைப்பிலேயே அச்சிட்டார்கள். 1948இல் சபாஹத்தின் அலி பல்கேரிய எல்லை அருகே கொல்லப்பட்டார். நெசின் துருக்கியிலேயே உள்ள பூர்சா நகருக்கு வெளியேற்றப்பட்டார். ஈரானின் ஷா, எகிப்தின் மன்னர் ஃபாரூக், இங்கிலாந்தின் இளவரசி எலிசபெத் ஆகியோரை அவமதித்தார் என்று ஆறு மாதம் உள்ளே இருந்தார். வாழ்நாளில் எல்லாம் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்தார். தேடப்படும் ஒருவனைப் போலத் தெரிகிறவர்களையெல்லாம் போலீசார் பிடித்து அடைக்கும் 'யானை ஹம்தி' கதையைச் சிறைக்கதவைத் தெரியாதவர் எழுதியிருக்க முடியாது என்று நீங்கள் முடித்திருந்தீர்கள். அந்த வரியை அடித்ததுதான் எனக்கு இன்றும் அதிகம் வலிக்கிறது, ஏனென்றால் அதற்குப் பயம்கூடக் காரணமில்லை, பக்கம் குறையட்டும் என்ற அவசரம்தான் காரணம்.

இரண்டாவது பத்தி துருக்கியின் சிவாஸ் நகரில் நடந்ததைப் பற்றியது. அதற்குப் போவதற்கு முன் வேறொன்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் என்னால் அங்கே போக முடியாது.

இஸ்தான்புல்லை அடுத்த சத்தால்ஜாவுக்கு நாம் போன அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்கிறேன். 1972இல் நெசின் ஏற்படுத்திய அறக்கட்டளை, தன் எல்லாப் புத்தகங்களின் வருமானத்தையும் எழுதி வைத்த அந்தப் பிள்ளைகளின் வீடு, அதன் தோட்டம். முதல் நாள் மழை பெய்திருந்தது. அவரைப் புதைத்த இடம் எது என்று நான் கேட்டேன். அது யாருக்கும் காட்டப்படுவதில்லை என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தும், ஊர்ப் பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது. சடங்கு வேண்டாம், கல் வேண்டாம், இடம் தெரிய வேண்டாம், பிள்ளைகள் தன் மேல் ஓடி விளையாடட்டும் என்று விரும்பிய மனிதர் அவர். நீங்கள் பதில் சொல்லவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு அந்த ஈரப் புல்லில் நடக்கத் தொடங்கினீர்கள். எந்த இடம் என்று தெரியாததால் எல்லா இடத்திலும் வெறுங்காலோடு நடப்பது என்று நீங்கள் முடிவு செய்தது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. பிறகு நானும் கழற்றினேன். பாதத்தில் சேறு அப்பியது, சுள்ளென்று குளிர்ந்தது. வேலியோரம் மஞ்சளாக ஏதோ பூத்திருந்தது. ஒன்றைப் பறித்துத் தரையில் எங்காவது வைக்கலாம் என்று கையை நீட்டினேன். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "அவங்கம்மா சொன்னதை மறந்துட்டியா?" என்றீர்கள்.

நான் மறந்துதான் போயிருந்தேன். நெசின் சிறுவனாக இருந்தபோது ஒரு பூவைப் பறித்துக்கொண்டு ஆசையாக அம்மாவிடம் ஓடியதையும், எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா அவரைக் கண்டிக்காமல் கூட்டிக்கொண்டு போய்ச் செடியில் இருக்கும் பூக்களைக் காட்டி, இவை உயிரோடு இருக்கின்றன, பறித்தால் செத்துவிடும் என்று சொன்னதையும் அவர் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். பதின்மூன்றில் மணமாகி, பதினைந்தில் அவரைப் பெற்று, இருபத்தாறில் வாழாமலே இறந்துபோன அம்மா. அந்த வரலாற்றின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று திரும்பி வரும்போது பேருந்தில் பேசிக்கொண்டு வந்தோம். 'இப்படியே வந்ததாம், இப்படியே போகாது' என்றீர்கள். துருக்கி மொழியில் கேள்விப்பட்டதைச் சொல்லும் 'மிஷ்' என்ற விகுதி நம்முடைய 'ஆம்'தான், பாட்டி கதையில் வரும் அதே 'ஆம்'தான் என்று நீங்கள் சொன்ன அந்த இடத்தில்தான் அந்த மொழி எனக்குள் திறந்தது. உங்களிடம் எனக்கு இருக்கும் கடன் அது. எந்தச் சண்டையும் அதைக் கழித்துவிடாது.

இப்போது சிவாஸ். 1993 ஜூலை 2, வெள்ளிக்கிழமை. பிர் சுல்தான் அப்தால் என்ற பழைய அலெவிக் கவிஞரின் நினைவு விழாவுக்கு, இஸ்லாத்தின் சிறுபான்மைப் பிரிவினரான அலெவி மக்களின் அழைப்பில் எழுத்தாளர்களும் கவிஞர்களும் பாடகர்களும் நடனம் ஆடும் இளைஞர்களும் வந்து மதிமாக் ஓட்டலில் தங்கியிருந்தார்கள். தொழுகை முடிந்து திரண்ட கூட்டம் பல மணி நேரம் ஓட்டலைச் சூழ்ந்து நின்றது. போலீசும் ராணுவமும் இருந்தும் கூட்டம் கலைக்கப்படவில்லை. மாலையில் தீ வைத்தார்கள். விருந்தினர் 33 பேரும் ஓட்டல் ஊழியர் இருவரும் இறந்தார்கள். அவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன். விமர்சகர் அசிம் பெசிர்ஜியும் பாடகர் ஹஸ்ரத் குல்தேகினும் அன்று போனார்கள். 77 வயது நெசின் தீயணைப்பு வண்டியின் ஏணி வழியாக இறங்கினார். யாரென்று அடையாளம் தெரிந்ததும் காப்பாற்ற வந்த ஏணியிலேயே அவரை அடித்தார்கள்.

இதை அடித்ததற்கு நான் பதிப்பகத்திடம் சொன்ன காரணமும் உங்களிடம் சொன்ன காரணமும் வேறு வேறு. உங்களிடம் நான் ஒரு நியாயம் பேசினேன். மத நிந்தனை என்று பலர் எதிர்த்த சல்மான் ருஷ்டியின் நாவலிலிருந்து சில பகுதிகளை அவருடைய அனுமதிகூட இல்லாமல் அய்தின்லிக் நாளிதழில் வெளியிட முடிவு செய்தவர் நெசின். அதன் விளைவைத் தாங்கத் தயாராக இருந்தவர் அவர். ஓட்டலில் செத்தவர்கள் அப்படி எதையும் முடிவு செய்யவில்லையே என்றேன். "அவர் ஏணியில் இறங்கி வந்துவிட்டார், மற்றவர்கள் இறங்கவில்லை" என்றும் சொன்னேன். நீங்கள் எழுந்து போய்விட்டீர்கள். அக்கா, அந்தக் கேள்வி முழுக்கப் பொய் என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. அவரே அதைச் சுமந்துகொண்டுதான் அதன்பின் இரண்டு ஆண்டுகள் வாழ்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் தீ வைத்தவன் ஒருவன் இருக்கும்போது எழுதியவன் மேல் பழியைப் போடுவது, அன்று அந்தத் தெருவில் நின்று கூச்சலிட்டவர்களின் வாதம். அதை நான் அறிவாளி போல உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசினேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். உண்மையான காரணம் பயம். மகள் அப்போதுதான் பள்ளியில் சேர்ந்திருந்தாள். என் வேலையிடத்தைப் பற்றி இங்கே எழுத முடியாது, உங்களுக்குத் தெரியும்.

உங்கள் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துவிட்டீர்கள், அது உங்கள் உரிமை. ஆனால் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், நம் இருவரையும் தெரிந்தவர்களிடம் என்னைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னீர்கள். சுற்றி வந்து என் காதில் விழும்போது அது இன்னும் கூர்மையாக இருந்தது. ஆபத்து வந்தால் என் வீட்டுக்குத்தான் வந்திருக்கும். உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டியிருக்கப் போவதில்லை. இதைச் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டால் அது பாதிக் கடிதம்தான்.

மூன்றாவது பத்தி சிறியது. ஓட்டல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பல ஆண்டுகள் கபாப் கடை நடந்தது. 2011இல் அதை அறிவியல் பண்பாட்டு மையமாக்கி, இறந்தவர்கள் பெயர்களைப் பலகையில் பொறித்தபோது, தாக்க வந்த கூட்டத்தில் இறந்த இருவரின் பெயர்களையும் அதிலேயே சேர்த்தார்கள். 2012இல், தப்பி ஓடியவர்கள் மீதான வழக்கு காலம் கடந்துவிட்டது என்று கைவிடப்பட்டது. பலகையில் பெயர் சேர்ப்பதும் முன்னுரையில் பத்தியை அடிப்பதும் ஒரே கைதான் என்று நீங்கள் யாரிடமோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்கு நேராகச் சொல்லப்பட்டிருந்தால் அன்றே விழித்திருப்பேனா என்பதை யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

நேற்று பதிப்பகத்துக்கு எழுதிவிட்டேன். மூன்று பத்திகளும் முழுமையாக வராமல் இரண்டாம் பதிப்பு வேண்டாம் என்றேன். முடியாது என்றார்கள். அப்படியானால் என் மொழிபெயர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அந்த உரிமைத்தொகை சத்தால்ஜாவின் பிள்ளைகளுக்குப் போகிறது என்று சொல்லித்தான் இத்தனை நாள் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அது நின்றுபோவதில் எனக்கு வருத்தம் உண்டு. வேறு வழி தேட வேண்டும். தேடும்போது உங்கள் பெயரும் அட்டையில் இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன், கட்டாயமில்லை.

இன்னொன்று. அச்சில் நான் 'நேசின்' என்று நெடிலாக எழுதிவிட்டேன், நேசம் என்று காதில் விழட்டும் என்று. நீங்கள் கைப்பிரதியில் ஒவ்வொரு இடத்திலும் குறிலாகத் திருத்தியிருந்தீர்கள். 1934இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்து, கஞ்சர்கள் வள்ளல் என்றும் கோழைகள் வீரன் என்றும் நல்ல பெயர்களையெல்லாம் எடுத்துக்கொண்ட பிறகு, யாராவது கூப்பிடும்போதெல்லாம் தான் யாரென்று யோசித்துப் பார்க்கட்டும் என்று துருக்கி மொழியில் 'நீ என்ன?' என்று பொருள்படும் 'நெசின்' என்ற கேள்வியையே பெயராக வைத்துக்கொண்டவர் அவர். அந்த இடத்தில் அன்பைக் கொண்டுபோய் வைத்தது என் பிழை. இந்தக் கடிதத்தில் எல்லா இடத்திலும் குறிலாகவே எழுதியிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள்.

நீல மையில் நீங்கள் திருத்திய அந்தக் கைப்பிரதி இத்தனை நாளும் என்னிடமே இருந்தது. இன்று காலை பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன். அவர் இறந்த ஆறாம் தேதிக்குள் உங்கள் கைக்கு வந்துவிடும் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள்.

அன்புடன்,
தம்பி