ஆண்டறிக்கை: ஜார்ஜ் விடுதியின் எஞ்சிய ஒரு பக்கம்

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

லண்டனின் பழைய கட்டடங்களை நடந்து பார்க்கும் நம் சங்கம் இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் லண்டனின் சதர்க் பகுதியில் இருக்கும் ஜார்ஜ் விடுதியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். அங்கே மட்டும் மூன்று முறை போனோம்.

பரோ ஹை ஸ்ட்ரீட்டில் ஒரு குறுகலான சந்து. உள்ளே போனால் முற்றம் விரிகிறது. தெற்குப் பக்கத்தில் மரத் தாழ்வாரங்கள் இரண்டு அடுக்காக மேலே ஓடுகின்றன. இவை அழகுக்காக வைத்தவை அல்ல. அந்தக் கால விடுதியில் மாடி அறைகளுக்குப் போக இதுதான் வழி. படியேறி, தாழ்வாரத்தில் நடந்து, அவரவர் கதவைத் திறந்துகொள்ள வேண்டும். கீழே முற்றத்தில் கோச் வண்டிகளும் குதிரைகளும் நிற்கும். மூத்த உறுப்பினர் ஒருவர் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அட, நம்ம ஊர்ச் சத்திரம் மாதிரியே இருக்கே!" என்றார். அதன்பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

1676 தீ விபத்தில் சதர்க்கின் பெரும்பகுதி எரிந்தது. பழைய விடுதியும் அதில் போய்விட, 1677-இல் இதைக் கட்டினார்கள். ஷேக்ஸ்பியர் இந்தத் தாழ்வாரத்தில் நின்றிருப்பார் என்று நம்மில் சிலர் ஆசையாகச் சொன்னார்கள். அவர் இறந்தது 1616-இல். அதனால் நம் கையேட்டில் அந்த வரியை எடுத்துவிட்டேன்.

முற்றத்தின் மற்றப் பக்கங்களிலும் ஒரு காலத்தில் இதே விடுதி இருந்தது. ரயில் வந்ததும் கோச் வண்டிகளுக்கு வேலை போனது. கிரேட் நார்தர்ன் ரயில்வே இந்த இடத்தைச் சரக்குக்குப் பயன்படுத்தி, 1889-இல் இரண்டு பக்கங்களை இடித்துக் கிடங்கு கட்டியது. பக்கத்திலிருந்த டபார்ட் விடுதியோ அதற்கு முன்பே, 1873-இல், முழுசாகப் போய்விட்டது. ஜார்ஜின் மிச்சம் 1937-இல், பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. லண்டனில் தாழ்வாரத்தோடு நிற்கும் கோச் விடுதி இன்று இது ஒன்றுதான். மூன்றாவது முறை போனபோது முற்றத்தின் நடுவில் நின்று, வடக்குப் பக்கம் எங்கே வந்திருக்கும் என்று கைகாட்டிப் பார்த்தோம். எனக்கு மனசு கனத்துவிட்டது.

இங்கே இல்லாததை வேறு இடத்தில் பார்க்கலாம் என்று செயற்குழுவில் பேசினோம். குளோஸ்டர் நகரத்து நியூ இன், 1450 வாக்கில் அங்கிருந்த மடத்தார் யாத்திரிகர்களுக்காகக் கட்டியது. அங்கே முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் இன்னும் இருக்கிறது. வரும் ஆண்டின் முதல் பயணம் அங்கே போகலாம் என்று இந்தக் கூட்டத்தில் முன்மொழிகிறேன். ரயில் டிக்கெட் முன்கூட்டியே எடுத்தால் செலவு குறையும் என்பதால், வருகிறவர்கள் இன்றே பெயர் கொடுத்துவிடுங்கள். அப்புறம், படம் வரையத் தெரிந்தவர்கள் நோட்டும் அளவு நாடாவும் கொண்டுவாருங்கள்.

நன்றி.

செயலாளர்