குடையில் கை வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டுக்குறிப்புப் பகுதியில், "செட்டாப் பாக்ஸை ஹாலிலிருந்து படுக்கையறைக்கு மாற்றியபின் சிக்னல் வரவில்லையா? மொட்டைமாடிக்குப் போய் டிஷ்ஷை லேசாகத் திருப்பிப் பாருங்கள்" என்று போட்டிருக்கிறீர்கள். டிஷ் பொருத்துவதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அந்த ஒரு வரி மிகவும் வருத்தமாகிவிட்டது. பாக்ஸ்தான் அறை மாறியது. மாடியில் இருக்கும் குடை, அதாவது டிஷ், நேற்று பார்த்த திசையைத்தான் இன்றும் பார்க்கிறது. தங்களுக்கு இது தெரியாததல்ல.

டிடி ஃப்ரீ டிஷ்ஷையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது. கும்பகோணத்தில் குடை தென்கிழக்கே, ஏறக்குறைய 69 டிகிரி உயரத்தைப் பார்க்க வேண்டும். 60 செ.மீ. குடையின் விளிம்பு அரை செ.மீ. நகர்ந்தால் பார்வை 1 டிகிரி விலகிவிடும். இரண்டே டிகிரி தள்ளி, 91.5இல் மீசாட் என்ற வேறொரு செயற்கைக்கோள் இருக்கிறது. அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டால், திரையில் சிக்னல் அளவைக் காட்டும் ஸ்ட்ரெங்த் பட்டை நிறைந்து நிற்கும், வேண்டிய சேனல் ஒன்றும் வராது. ஆக, நன்றாக இருந்த குடையும் கெட்டு, பழைய பழுதும் அப்படியே இருக்கும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடியில் வயதானவர்கள் ஏறி நிற்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். பாக்ஸைப் பழைய அறைக்கே கொண்டுபோய்ப் பழைய ஒயரில் மாட்டுங்கள். படம் வந்தால் குடை, எல்என்பி (குடையின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சின்ன உறுப்பு), பாக்ஸ் மூன்றும் சரி. பழுது புது அறைக்குப் போகும் ஒயரில். அடுத்து, குடையிலிருந்து ஒரே துண்டு ஆர்ஜி-6 (டிஷ்ஷுக்குப் போடும் தடித்த வகை) ஒயரை ஜன்னல் வழியாகப் புது அறைக்கு இழுத்து மாட்டிப் பாருங்கள். படம் வந்துவிட்டால் சுவருக்குள் இருக்கும் ஒயர்தான் குற்றவாளி. இந்த இரண்டு சோதனைக்கும் ஸ்பேனர்கூடத் தேவையில்லை.

சுவருக்குள் என்ன இருக்கிறது? வீடு கட்டும்போது கேபிள் டிவிக்காகப் பைப்பில் விட்ட ஆர்ஜி-59 ஒயரும், எங்கோ ஒரு பெட்டிக்குள் மறைந்த, ஒரு ஒயரைப் பலவாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரும். அந்த ஸ்ப்ளிட்டரின் மேல் 5-1000 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சடித்திருக்கும், அதாவது அந்த எல்லைக்குள் வரும் சிக்னலுக்குத்தான் அது செய்யப்பட்டது. எல்என்பி கீழே அனுப்புவதோ 950 முதல் 2150 வரை. பெரும்பகுதி சிக்னல் அங்கேயே முடிந்துவிடும். இன்னொன்று, எல்என்பிக்கு மின்சாரம் பாக்ஸிலிருந்துதான், அதே ஒயரில் மேலே போகிறது: 13 வோல்ட் போனால் வெர்டிகல் அலையில் வரும் சேனல்கள், 18 போனால் ஹாரிசான்டல் அலையில் வரும் சேனல்கள். பழைய ஸ்ப்ளிட்டர்கள் பல இந்த வோல்ட்டைக் கடத்துவதில்லை. ஸ்ட்ரெங்த், குவாலிட்டி இரண்டுமே பூஜ்யம் என்றால் முதல் சந்தேகம் இதில்தான். பாதி சேனல் வந்து பாதி வராவிட்டால், நீளமான மட்ட ஒயரில் 18 வோல்ட் இறங்கிப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழைய அறையில் ஒரு பாக்ஸை விட்டுவிட்டுப் புது அறைக்கு இன்னொன்று வாங்கியவர்களுக்கும் இதே தொல்லை. ஒரே எல்என்பி ஒயரை ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரித்தால், ஒரு பாக்ஸ் 18 கேட்கும்போது 13 கேட்கும் பாக்ஸ் தன் சேனலை இழக்கும். அதற்கு இரண்டு போர்ட் உள்ள ட்வின் எல்என்பி போட்டு, அறைக்கு ஒரு தனி ஒயர் இழுக்க வேண்டும்.

அதிகம் கெடுவது, ஒயர் நுனியில் மாட்டும் எஃப் பின். ஒயரை நீட்டியவர்கள் உறையைப் பிளேடால் சீவி, எஃப் பின்னைத் திருகி மாட்டிவிடுகிறார்கள். பின்னுக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள்: வெளிப்பின்னலின் தலைமயிர் போன்ற ஒரு கம்பி வளைந்து நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்த ஒற்றை இழை போதும், எல்என்பி ஷார்ட் என்று பாக்ஸ் கத்தும். பின்னலை முழுவதும் பின்னோக்கி மடித்து, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை நுரை பின்னின் உள்தளத்தோடு சமமாக நிற்க, நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மி.மீ. நீட்டியிருக்க வேண்டும். குட்டையானால் தொடர்பு விட்டுவிட்டு வரும். நீளமானால் பாக்ஸின் சாக்கெட் கெடும். பின்னை மாட்டும்போதும் கழற்றும்போதும் பாக்ஸின் பிளக் சுவிட்ச் அணைந்திருக்கட்டும். இதைத் தங்கள் குறிப்பு ஒரு சொல்கூடச் சொல்லவில்லை.

இன்னொரு தவறும் உண்டு. சிக்னல் இல்லை என்றதும் பலர் ஃபேக்டரி ரீசெட் அடித்துவிடுகிறார்கள். இடம் மாறினால் பாக்ஸின் செட்டிங் அழியாது. ரீசெட்தான் அதை அழிக்கிறது. பிறகு ஃப்ரீ டிஷ் பாக்ஸில் எல்என்பி அலைவரிசையை 9750/10600 என்றும், எல்என்பி பவரை ஆன் என்றும் மறுபடி வைத்தாக வேண்டும்.

இது முதல் முறையாக இருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். மழைக்காலத்தில் குடைக்குப் பாலித்தீன் உறை போடச் சொன்னதும் இதே பகுதிதான். உறையின்மேல் தங்கும் நீர்ப்படலம் சிக்னலைக் குறைக்கும் என்று அப்போதே கடிதம் போட்டேன், அச்சாகவில்லை. அதற்குப் பிறகு வந்த கட்டுரை, டிஷ்காரர்கள் ஒயரை மாற்றிவிட்டுக் காசு பறிக்கிறார்கள் என்றது. 15 ரூபாய் ஸ்ப்ளிட்டரைத் தேடி மூன்று சுவிட்ச் பெட்டிகளைத் திறந்து மூடும் உழைப்பு அந்தக் கட்டுரையின் கண்ணில் படவில்லை. மழையில் ஏணி பிடித்து வேலை செய்கிறவர்களைப் பற்றி எழுதுமுன் ஒரே ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம் அல்லவா?

தங்கள் பத்திரிகையை மூன்று தலைமுறையாக வாங்கும் குடும்பம் எங்களுடையது. வேண்டுவது அதிகமில்லை. அடுத்த இதழில், அதே பகுதியில், அதே எழுத்தளவில் இரண்டு வரி போடுங்கள்: "பாக்ஸை அறை மாற்றினால் டிஷ்ஷைத் தொட வேண்டாம். முதலில் பழைய அறையில் மாட்டிச் சோதியுங்கள்."

இப்படிக்கு,
டிஷ் பொருத்தும் தொழிலாளி,
கும்பகோணம்