ஐவரில் இருவர் இல்லாத அணி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்-இல் ஆடும் கரோலினா பாந்தர்ஸ் அணியின் 2023 சீசன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 17 ஆட்டங்களில் 15 தோற்ற பழியில் பெரும்பகுதியை புதிய பயிற்சியாளர் ஃப்ராங்க் ரைக் தலையில் கட்டிவிட்டது. அவர் பக்கம் தவறு இல்லாமல் இல்லை. முதல் ஆறு ஆட்டமும் தோற்றதும், குவார்ட்டர்பேக்கின் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) காதில் அடுத்து என்ன ஆட வேண்டும் என்று சொல்லும் பொறுப்பை உதவியாளர் தாமஸ் பிரவுனிடம் கொடுத்தார். மூன்றே ஆட்டத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார். பிரைஸ் யங் போன்ற முதல் வருடக் குவார்ட்டர்பேக்குக்கு அது பெரிய குழப்பம். ஆனால் அணி உடைந்த இடம் வேறு. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூட இல்லை.

குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்பவர்கள் ஐந்து பேர்: நடுவே சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, இரு ஓரத்திலும் டேக்கிள். 2022 டிசம்பர் 24 அன்று இந்த அரணை நம்பித்தான் பாந்தர்ஸ், டெட்ராய்ட் லயன்ஸுக்கு எதிராக 320 கெஜம் ஓடியே எடுத்தது. அந்தச் சீசனின் கார்டுகள் பிரேடி கிறிஸ்டென்சனும் ஆஸ்டின் கார்பெட்டும். 2023-இல் கிறிஸ்டென்சன் முதல் ஆட்டத்திலேயே கைத்தசை கிழிந்து வெளியேறினார். முந்தைய சீசனின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் தசைநார் அறுந்த கார்பெட், அக்டோபர் கடைசியில்தான் வந்தார். நான்கு ஆட்டத்தில் மறுபடியும் முழங்கால் போயிற்று. அந்த இரண்டு இடத்திலும் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள்.

இதனால் என்ன ஆகும்? எதிரணியில் நடுவே நிற்கும் தடுப்பாளர் வெளிப்பக்கமாகப் பாய்ந்து மோதுவார். அதே எதிரணியில் ஓரத்தில் நிற்பவர் அவர் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து, காலியான நடுவழியில் நுழைவார். பழகிய கார்டும் டேக்கிளும் பேச்சே இல்லாமல் ஆளை மாற்றிப் பிடித்துவிடுவார்கள். புதியவர் நின்றால் இருவரும் ஒரே ஆளைப் பிடிப்பார்கள், இன்னொருவர் தடையே இல்லாமல் வந்து சேருவார். யங்கின் உயரம் 5 அடி 10 அங்குலம். ஓரத்திலிருந்து நெருக்கடி வந்தால் அவர் இரண்டு எட்டு முன்னே வைத்துத் தப்பிக்கலாம். நடுவிலிருந்து வந்தால் முன்னேறவும் இடமில்லை, பந்து வாங்குபவர் கண்ணில் படவும் வழியில்லை. அந்தச் சீசனில் 62 முறை பந்தோடு வீழ்த்தப்பட்டார். கடைசி இரண்டு ஆட்டத்திலும் அணி ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை (26-0, 9-0).

கட்டுரை அணியின் தடுப்பாட்டத்தைக் குறை சொன்னதும் சரியல்ல. 416 புள்ளிகள் கொடுத்தது உண்மைதான். ஆனால் விட்டுக்கொடுத்த கெஜக் கணக்கில் லீகின் சிறந்த அணிகளுள் அதுவும் ஒன்று. சொந்த எல்லைக்கு அருகிலேயே பந்தை இழந்துகொண்டிருந்தால் எதிரணிக்கு 30, 40 கெஜம் போதும், புள்ளி வந்துவிடும்.

கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வருடந்தோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும்; கடைசி இடத்தில் முடித்த அணிக்கு முதல் தேர்வு. அதில் யங்கை எடுப்பதற்காக 2023 மார்ச்சில் சிகாகோ பேர்ஸுக்குக் கொடுத்த விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: 9, 61-ஆம் தேர்வுகள், 2024-இன் முதல் சுற்றுத் தேர்வு, 2025-இன் இரண்டாம் சுற்றுத் தேர்வு, கூடவே பந்து வாங்கும் ஆட்டக்காரர் டி.ஜே. மூர். மூர் அந்த வருடமே சிகாகோவில் 1,364 கெஜம் எடுத்தார். கடைசி இடத்தில் முடித்த பாந்தர்ஸுக்கு வர வேண்டிய 2024-இன் முதல் தேர்வும் சிகாகோவுக்கே போனது. தோல்வியில் கிடைக்கக்கூடிய ஒரே ஆறுதலும் முன்பே விற்றுப்போயிருந்தது.

உரிமையாளர் டேவிட் டெப்பர் 11 ஆட்டங்களோடு ரைக்கை நீக்கினார். 2021-இல் புதிய பயிற்சியாளர் டான் கேம்பல் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்று முடித்தும் லயன்ஸ் அவரை விடவில்லை. 2023-இல் அதே அணி 12 ஆட்டம் வென்றது.

2024-இல் பாந்தர்ஸுக்குப் பயிற்சியாளராக வந்த டேவ் கனாலஸும் முதல் சீசனில் 5 வெற்றி, 12 தோல்வி என்று முடித்தவர்தான். இரண்டே ஆட்டத்தில் யங்கை உட்காரவும் வைத்தார். ஆனால் அந்த மார்ச்சில் நிர்வாகம் ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் என்று இரண்டு கார்டுகளை வாங்கியிருந்தது. ஹன்ட்டுக்கு மட்டும் ஐந்து வருடத்துக்கு 10 கோடி டாலர். பிறகு திரும்பி வந்த யங், அந்தச் சீசனில் மொத்தம் ஆடிய 14 ஆட்டங்களில் வீழ்த்தப்பட்டது 29 முறை. 1 வெற்றி, 7 தோல்வி என்று கிடந்த அணி கடைசி ஒன்பதில் நான்கை வென்றது.

உங்கள் வாராந்தர ஆட்ட அட்டவணையில் குவார்ட்டர்பேக் பெயரோடு, அன்று ஆடும் ஐந்து அரண்காரர்களின் பெயரையும் அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்