செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டிய பேச்சுப் போட்டி, அக்டோபரில் தீபாவளி ஒன்றுகூடல், ஜனவரியில் பொங்கல் ஆகிய மூன்றும் சமூக மன்றத்தில் நல்லபடியாக நடந்தேறின. உழைத்தவர்கள் அனைவருக்கும் நன்றி. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கையில் பெரும்பகுதியை வேறொரு வேலைக்கு ஒதுக்கியிருக்கிறேன். இங்கே சிங்கப்பூருக்குப் படிக்க வரும் வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு அறை பார்த்துக் கொடுப்பதுதான் இவ்வாண்டு நம் சங்கத்தின் நேரத்தை அதிகம் எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொள்ள வேண்டியதும் அதுவே என்பது என் கருத்து.

பல்கலைக்கழகங்கள் ஆகஸ்டில் திறக்கின்றன. ஜூலை பிறந்ததும் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெற்றோர் அழைக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இளநிலை மாணவர்கள் பலருக்கு விடுதியில் இடம் கிடைத்துவிடுகிறது. முதுநிலைப் படிப்புக்கு வருபவர்கள்தான் பெரும்பாலும் வெளியே அலைகிறார்கள். தேசியப் பல்கலைக்கழகம் என்றால் கிளமெண்டி, டோவர், வெஸ்ட் கோஸ்ட் பக்கம் பாருங்கள். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்றால் பூன் லே, பயனியர், ஜூரோங் வெஸ்ட் என்று சொல்லிவிடுகிறோம். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் இட்லி கிடைக்கும், கோயில் இருக்கிறது என்று அங்கே அறை எடுத்த ஒரு தம்பி, நன்யாங்கிற்குப் போக ரயிலும் 179ஆம் எண் பேருந்துமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று வகுப்பு தொடங்கிய பிறகுதான் உணர்ந்தார்.

இவ்வாண்டு நம்மை மிகவும் வருத்தியது பணம் பறிபோன சம்பவம். ஊரில் இருந்தபடியே கைப்பேசியில் படம் பார்த்து, கிளமெண்டியில் ஓர் அறைக்கு ஒரு மாத வாடகையையும் ஒரு மாத முன்பணத்தையும் அனுப்பிவிட்டுப் புறப்பட்டார் ஒரு மாணவி. முகவர் என்று பேசியவர் தன் அடையாள அட்டையின் படத்தைக்கூட அனுப்பியிருந்தார். விமான நிலையத்திலிருந்து பெட்டிகளோடு நேராக அந்த அடுக்குமாடி புளோக்குக்குப் போனால், கதவைத் திறந்தது அங்கே பல காலமாகக் குடியிருக்கும் ஒரு மலாய்க் குடும்பம். அட்டையில் இருந்த பெயரும் பதிவு எண்ணும் உண்மையான முகவர் ஒருவருடையவை. தொலைபேசி எண் மட்டும் வேறு. சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் அந்தத் தொலைபேசி எண்ணைத் தட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அந்த மலாய்க் குடும்பத்து அம்மா பிள்ளையை உள்ளே அழைத்துத் தண்ணீர் கொடுத்து, நம் உறுப்பினர் போய்ச் சேரும்வரை உட்கார வைத்திருந்தார். அவருக்கு இந்தக் கூட்டத்தின் நன்றி உரியது. போலீசில் புகார் கொடுத்தோம். பணம் இன்னும் திரும்பவில்லை.

அதனால் அழைக்கும் எல்லாப் பெற்றோரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்: அறையை நேரில் பார்க்காமல் ஒரு வெள்ளிகூட (சிங்கப்பூர் டாலர்) அனுப்பாதீர்கள். முதல் இரண்டு வாரத்துக்கு விலை குறைந்த ஹோட்டலிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கட்டும். அந்தச் செலவு வீண் அல்ல. வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீட்டு வாடகை விஷயத்தில் முன்பணத்தையோ வாடகையையோ முகவர் தன் கையில் வாங்கவே கூடாது என்பது சட்டம். "என் கணக்கில் போடுங்கள்" என்று முகவர் சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண் இருக்கிறது.

விதிகள் தெரியாமல் மாட்டிக்கொள்வது இன்னொரு தொல்லை. வீவக வீட்டில் அறையோ முழு வீடோ, ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. தனியார் வீடுகளுக்கு 2017 முதல் குறைந்தது மூன்று மாதம். ஒரே ஒரு பருவம் பரிமாற்றத் திட்டத்தில் படிக்க வரும் பிள்ளை நாலைந்து மாதம்தான் இருக்கும். அதற்கு வீவக அறை சட்டப்படி கிடையாது, கொண்டோமினியம் போன்ற தனியார் வீட்டு வாடகையோ கட்டாது. ஆகவே விடுதி விண்ணப்பத்தைத் தவறவிடாதே என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டியது நம் கடமை.

தேசியப் பல்கலைக்கழக மாணவர் நால்வர் சேர்ந்து வீவக நாலறை வீடு (மூன்று படுக்கையறையும் ஒரு கூடமும்) ஒன்றை முழுதாக எடுக்க நினைத்தார்கள். ஆள் எண்ணிக்கையில் சிக்கல் இல்லை. 2024 ஜனவரி 22 முதல் நாலறையிலும் அதைவிடப் பெரிய வீடுகளிலும் உறவினர் அல்லாதவர்கள் எட்டுப் பேர் வரை தங்கலாம் என்று தற்காலிகமாக உயர்த்தியிருக்கிறார்கள். ஆனால் முழு வீட்டை வெளிநாட்டவருக்கு விடுவதற்கு வட்டாரத்து வீடுகளில் 8 விழுக்காடு, புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காடு என்று வரம்பு உண்டு. மலேசியர்களுக்கு அது இல்லை. அந்த புளோக்கில் வரம்பு நிரம்பிவிட்டது. உடனே வீட்டுக்காரர், "ஓர் அறையைப் பூட்டி வைத்துக்கொள்கிறேன், நானும் இங்கேதான் இருப்பதாக எழுதிக்கொள்வோம்" என்றார். அறையை மட்டும் வாடகைக்கு விடுகிற உரிமையாளர் உண்மையிலேயே அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். பூட்டி வைத்துக் கணக்குக் காட்டுவது விதிமீறல். கழகம் கண்டுபிடித்தால் பிள்ளைகள் பருவத்தின் நடுவில் தெருவில் நிற்பார்கள். நான்கு பேரையும் உட்கார வைத்துப் பேசி, வேண்டாம் என்றோம். அவர்கள் பிரிந்து தனித்தனி அறைகளுக்குப் போனார்கள். மனம் கனத்தாலும் அதுதான் சரி.

இனி சமையல். வாடகையைவிட, தூரத்தைவிட, நம் பிள்ளைகளுக்கு அறை கைநழுவுவது பெரும்பாலும் அடுப்படியில்தான். "சமைக்கக் கூடாது" என்றோ "லேசாகச் சமைக்கலாம்" என்றோ விளம்பரத்தில் இருக்கும். லேசாக என்றால் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மூன்றாம் வாரம் கடுகு வெடிக்கும்போது சண்டை தொடங்குகிறது. ஜூரோங் வெஸ்டில் ஒரு சீன மூதாட்டியின் வீட்டுக்கு மாணவி ஒருவரோடு நம் மகளிர் அணியைச் சேர்ந்த அக்கா கூடப் போனார். அறையைப் பார்க்கும் முன் நேராகச் சமையலறைக்குப் போய், ஜன்னலைத் திறந்து பார்த்து, எந்த அடுப்பு, எந்த நேரம், எந்தச் சட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சோறும் ரசமும் எந்நாளும் சரி. தாளிப்பும் மீன் குழம்பும் சனிக்கிழமை காலையில், மூதாட்டி சந்தைக்குப் போயிருக்கும் நேரத்தில், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு. மாட்டிறைச்சி வைக்கும் சட்டியைப் பிள்ளை தொட வேண்டாம், பிள்ளைக்குத் தனிச் சட்டி. இவ்வளவையும் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையால் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓராண்டாக அந்த வீட்டிலிருந்து ஒரு புகாரும் இல்லை.

"இந்தியர்களுக்கு இல்லை" என்று தொலைபேசியிலேயே வைத்துவிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை முதல் முறை அதைக் கேட்கும்போது முகம் சுருங்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும். அதே நேரத்தில், நம் தமிழ் வீட்டுக்காரர்களிலும் சிலர் எந்த ஊர் என்று தொடங்கி அதற்கு மேலும் துருவிக் கேட்கிறார்கள். சங்கத்தின் வழியாக அறை கொடுக்கும் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்துள்ளது. சைவம் மட்டும் என்று நிபந்தனை வைக்கலாம், அது வீட்டு வழக்கம். ஆளை அளப்பது வேறு.

வீட்டை விட்டுக் கிளம்பும்போது வரும் முன்பணத் தகராறுகளில் ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். சுவரில் கறை என்று சொல்லி ஒரு வீட்டுக்காரர் முழு முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார். குடிபுகுந்த அன்றே அந்தச் சுவரை, மெத்தையை, குளிர்சாதனக் கருவியைப் படமெடுத்து அவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்திருந்தான் பையன். முத்திரை வரி கட்டிய ஒப்பந்தமும் கையில் இருந்தது. மாதம் 900 வெள்ளி வீதம் ஓராண்டுக்கு முத்திரை வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அதாவது 43 வெள்ளி 20 காசு. அதை மிச்சம் பிடிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். இரண்டாண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளைச் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் விசாரிக்கும். 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கைக்கு மாணவர் கட்ட வேண்டியது 10 வெள்ளி; வழக்கறிஞர் தேவையில்லை. அங்கே போகப் போகிறோம் என்று மரியாதையாகக் கடிதம் எழுதினோம். பணம் வந்துவிட்டது.

உறுப்பினர்களிடம் இரண்டு வேண்டுகோள். பிள்ளைகள் திருமணமாகிப் போய், வீட்டில் ஓர் அறை சும்மா இருப்பவர்கள் நம்மில் பலர். மூவறை அல்லது அதைவிடப் பெரிய வீட்டில் குடியிருந்தால், கழகத்தின் அனுமதி பெற்று அந்த அறையை ஒரு மாணவருக்குக் கொடுக்கலாம். மாணவர் அனுமதியைக் கடப்பிதழோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உங்கள் பொறுப்பு. வாடகை வருமானத்துக்கு வரியும் உண்டு. இரண்டிலும் உதவச் செயற்குழு தயார்.

அடுத்தது, கூடப் போக ஆட்கள் வேண்டும். அச்சடித்த குறிப்புகள் கொடுத்தோம், இணையச் சந்திப்பு நடத்தினோம். அவற்றைவிட, அறை பார்க்கப் போகும்போது பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றதுதான் ஒவ்வொரு முறையும் பலன் தந்தது. வீட்டுக்காரர் பேசும் தொனியே மாறிவிடுகிறது. பிள்ளையும் கேட்க வேண்டியதைக் கூச்சமில்லாமல் கேட்கிறது. ஜூலை, ஆகஸ்ட், ஜனவரி மாதங்களின் வார இறுதிகளில் ஒரு மாலையைத் தர முடிந்தவர்கள், மேற்குப் பகுதியில் குடியிருப்பவர்கள் குறிப்பாக, வாசலில் இருக்கும் பட்டியலில் இன்றே பெயர் எழுதிவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

அன்புடன்,
செயலாளர்