என் பெரியவனிடம் கேட்ட சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில், மூன்றாம் நம்பர் அறையில் முப்பத்தெட்டு நாள் இருந்த பாப்பாவின் அம்மா. எத்தனையோ அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள், என் முகம் நினைவில் இருக்காது. ஆனால் சாயங்காலமானால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நிற்பானே, பத்து வயசுப் பையன், அவனை மறந்திருக்க மாட்டீர்கள்.

போன வாரம் ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவள் பையனுக்கும் தலசீமியா, உடம்பில் நல்ல ரத்தம் ஊறாத பிறவி நோய். மூத்த மகளின் மஜ்ஜை, எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற அந்தச் சதை, பொருந்தியிருக்கிறதாம். எத்தனை நாள் தங்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டுக்கு என்னென்ன காகிதம் வேண்டும், சமைக்க இடம் கிடைக்குமா என்று வரிசையாகக் கேட்டாள். தெரிந்ததைச் சொன்னேன். கடைசியில், "மூத்தவகிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கே?" என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசாமல் இருந்திருப்பேன். அன்று ராத்திரியே உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பாப்பா ஆறாம் மாசத்திலிருந்தே வெளுத்துக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் சத்துக் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து டானிக் எழுதிக் கொடுத்தார்கள். வேளை தவறாமல் ஊற்றினேன். தலசீமியா குழந்தையின் உடம்பில் இரும்பு தானாகவே சேர்ந்துகொண்டு போகும், டானிக் அதற்கு மேல் ஒரு சுமை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் தருமபுரிக்குப் போய் மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில் ரத்தம். ஐந்து வயசுக்குள் எழுபது பாட்டிலாவது ஏறியிருக்கும்.

நானும் அவரும் சொந்தம், அத்தை மகன்தான். இரண்டு பேருக்கும் தலசீமியா மைனர், நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பது. அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் முழுசாக வர நாலில் ஒரு வாய்ப்பு. கூடப் பிறந்தவரின் மஜ்ஜை முழுசாகப் பொருந்தவும் அதே நாலில் ஒன்றுதான். எங்கள் வீட்டில் இரண்டுமே நடந்தது. பொருத்தம் வந்த அன்று பாயசம் வைத்தோம். "தங்கச்சியைக் காப்பாத்தப் போறவன்" என்று தாத்தா மாந்தோப்பு ஆட்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். பெரியவனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை சிஸ்டர்.

நீங்கள்தான் கேட்டீர்கள். அவனுக்கு ரத்தப் பரிசோதனை நடந்த அன்று என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "தம்பி, உனக்கு என்ன பண்ணப் போறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டீர்களாம். "என் கால் எலும்பை எடுத்துப் பாப்பாவுக்கு வைப்பாங்க" என்று சொன்னானாம். எலும்பு மஜ்ஜை மாற்று என்று நாங்கள் வீட்டில் பேசப் பேச, எலும்பையே மாற்றப் போகிறார்கள் என்று நினைத்திருக்கிறான். இனி ஓட முடியாது என்று இரண்டு மாசமாக மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான். வாயைத் திறக்கவில்லை.

இடுப்பின் பின்பக்கத்தைத் தொட்டுக் காட்டினீர்கள். மயக்க மருந்து கொடுத்தபின் ஊசியால் இங்கிருந்து எடுப்போம், சில நாள் வலிக்கும், எடுத்ததெல்லாம் சில வாரத்தில் மறுபடி ஊறிவிடும் என்று சொன்னீர்கள். அதோடு விடாமல், "உனக்குச் சம்மதமா? வேண்டாம்னாலும் சொல்லு, யாரும் திட்டாம நான் பார்த்துக்கறேன்" என்றீர்களாம். அவன் யோசித்துவிட்டுச் சரி என்றானாம். வெளியே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அம்மா, பசிக்குது."

மஜ்ஜை எடுத்த அன்று பையில் வந்தது கால் லிட்டருக்கும் குறைவு. சாதாரண ரத்தம் ஏற்றுகிற மாதிரியே பாப்பாவின் நெஞ்சில் ரத்தக்குழாய்க்குள் வைத்திருந்த மருந்துக் குழாயில் இறங்கியது. இதற்கா இவ்வளவும் என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டம். பழைய மஜ்ஜையை அழிக்க முன்பே கொடுத்த கீமோவில் வாயெல்லாம் புண், எச்சில் முழுங்க முடியவில்லை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை வாய் கொப்பளிக்க வைக்க நீங்கள் பட்ட பாட்டை நான் பார்த்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்த அறையைத் துடைத்தார் அந்த ஹவுஸ்கீப்பிங் அம்மா! கட்டில் கம்பியின் அடிப்பக்கம்கூட விடமாட்டார். கிருமியை எதிர்க்கிற வெள்ளணு பூஜ்ஜியத்தில் கிடக்கும் பிள்ளைக்கு அவர் துணிதான் காவல். செந்தூரா பழுத்துக் கொட்டுகிற மாசத்தில், தோப்புக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு துண்டு மாம்பழம் கிடையாது. நன்றாக வேகவைத்தது மட்டும்தான். டயட்டீஷியன் மேடம் எழுதிக் கொடுத்தபடி குக்கரில் குழைய வைத்துக் கொண்டுவருவேன்.

பெரியவன் தினமும் கேட்டது ஒரே கேள்விதான். "கவுண்ட் ஏறிச்சா?" பதினெட்டாம் நாள் ஏறியது. நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால்தான் மஜ்ஜை பிடித்துவிட்டது என்று கணக்காம். மூன்றாவது நாள் ரிப்போர்ட்டைக் கண்ணாடியில் ஒட்டி அவனுக்குக் காட்டினேன்.

அடுத்த வாரமே பாப்பாவின் உள்ளங்கை, காது, பாதமெல்லாம் சிவந்து தடித்தது. ஜிவிஹெச்டி என்றார்கள், புதிதாக வந்த செல் பாப்பா உடம்போடு ஒத்துப்போகாமல் வருகிற தொல்லை. ஊரிலிருந்து போனில் ஒரு உறவுக்காரர், "அண்ணன் செல்லு தங்கச்சி உடம்பைத் தாக்குதாமே" என்று ஸ்பீக்கரில் சத்தமாகச் சொன்னார். பெரியவன் பக்கத்தில்தான் இருந்தான். அன்றிலிருந்து அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வரவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை. காய்ச்சலோ என்று நினைத்தோம். பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இவன் முகம் தெரியவில்லை.

இரண்டு நாளாக ஆளைக் காணோமே என்று கவனித்தது நீங்கள். டியூட்டி முடிந்து பஸ்ஸுக்குப் போக வேண்டியவர், வராண்டா பெஞ்சில் அவனோடு உட்கார்ந்தீர்கள். என் வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். "உங்க தோப்புக்குப் புதுசா ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்தா என்ன பண்ணும்?" "குரைக்கும்." "யாரைப் பார்த்து?" "எல்லாரையும். எங்க தாத்தாவைப் பார்த்தே குரைக்கும்." "அப்புறம்?" "பழகிடும்." "உன் செல்லும் இப்பத்தான் புது வீட்டுக்குப் போயிருக்கு. வீட்டு ஆளு யாருன்னு அதுக்குத் தெரியல. அடக்கறதுக்கு மருந்து குடுக்கறோம். நாய்க்குட்டியைக் குடுத்தவன் மேல தப்பு உண்டா?" அவன் அப்போதுதான் அழுதானாம். ஸ்டீராய்டு கொடுத்துப் பத்து நாளில் தடிப்பு இறங்கியது. அதற்கு முன்னாடியே அவன் கண்ணாடிப் பக்கம் வந்துவிட்டான்.

நம் நாட்டில் முதல் மஜ்ஜை மாற்று 1983-இல் மும்பை டாடா மருத்துவமனையில் நடந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. காற்றை வடிகட்டும் அறை, மருந்து, குழாய் என்று நோயாளிக் குழந்தைக்கு எல்லாம் வந்துவிட்டது. கொடுக்கிற குழந்தைக்கு என்ன இருக்கிறது? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2010-இலேயே, கொடையளிக்கும் பிள்ளைக்காகப் பேச நோயாளியின் டாக்டர்கள் குழுவில் இல்லாத ஒருவர் தனியாக வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. படித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். நீங்கள் அதைப் பஸ்ஸை விட்டுவிட்டுச் செய்தீர்கள். அது உங்கள் நல்ல மனசு. ஆனால் எல்லா வார்டிலும் அப்படி ஒருவர் வாய்ப்பார் என்று நம்பி இருக்க முடியாது. அதைச் சம்பளமும் நேரமும் கொடுத்து ஒருவருக்கு வேலையாகவே வைக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உங்கள் மேலதிகாரிகளிடம் காட்டினால் சந்தோஷப்படுவேன்.

ஊத்தங்கரைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அட்மிஷன் அன்று முதல் கேள்வியாக, "என் பெரிய பொண்ணுகிட்ட யார் பேசுவாங்க?" என்று கேட்கச் சொன்னேன்.

பாப்பா நன்றாக இருக்கிறாள். ரத்தம் ஏற்றி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது ஊறுவது அண்ணன் மஜ்ஜையிலிருந்து என்பதால் ரத்த வகையும் அவனுடையதாகவே மாறிவிட்டது. பிறந்த குழந்தைக்குப் போடுகிற தடுப்பூசியெல்லாம் மறுபடி முதலிலிருந்து போட்டோம். இந்த ஜூனில் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டை கொடுத்தார்கள். பழைய பதிவேட்டைப் பார்த்து ரத்த வகை ஏ பாசிட்டிவ் என்று அச்சடித்திருந்தார்கள். பெரியவன் அதை வாங்கிப் பார்த்தான். பேனாவை எடுத்து ஏ-வை அடித்துவிட்டு, மேலே ஓ என்று எழுதி, அவள் கழுத்தில் மாட்டிவிட்டான்.

அன்புடன்,
மூன்றாம் நம்பர் அறை அம்மா