தேடியது போதும், எழுதத் தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்னோரைத் தேடுவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். எந்தப் பதிவேட்டை எங்கே கேட்பது, வீட்டுப் பெரியவர்களிடம் எப்படிப் பேச்சுக் கொடுப்பது எல்லாம் நன்றாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் சேர்த்ததை என்ன செய்வது என்கிற இடத்தில் கட்டுரை முடிந்துவிட்டது. நான் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவள். குடும்ப வரலாறு என்று அச்சிட்டுக் கொண்டுவந்து தந்த நூல்கள் பல என் கைவழியே அலமாரிக்குப் போயிருக்கின்றன. அவற்றில் பலவற்றை அந்தந்தக் குடும்பத்துப் பிள்ளைகளே பத்துப் பக்கம் தாண்டிப் படித்திருக்க மாட்டார்கள். தொகுத்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அலைந்திருப்பார்கள். அதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

தேடும் வரிசையிலேயே எழுதிவிடுவதால்தான் இப்படி ஆகிறது. தேடும்போது நம்மில் தொடங்கிப் பின்னோக்கிப் போகிறோம். அதற்கென்று ஒரு பழைய எண்முறை உண்டு. 1590ல் மிக்கேல் ஐட்சிங்கர் என்பவர் அச்சில் பயன்படுத்தியது. நீங்கள் 1, அப்பா 2, அம்மா 3. யாருடைய எண்ணையும் இரண்டால் பெருக்கினால் அவருடைய அப்பா, அதோடு ஒன்று கூட்டினால் அம்மா. கோப்புகளை அடுக்கி வைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியாது. ஆனால் இதே வரிசையில் புத்தகம் எழுதினால், படிப்பவர் ஒவ்வொரு தலைமுறைக்கும் காலத்தில் பின்னால் நடக்க வேண்டும். ஆட்களும் இரண்டு மடங்காகிக்கொண்டே போவார்கள். பத்துத் தலைமுறை பின்னால் போனால் 1,024 இடங்கள். யாரால் நினைவு வைக்க முடியும்?

புத்தகத்துக்கு மேலிருந்து கீழே வருவதுதான் சரி. ஒரு தம்பதியைத் தேர்ந்தெடுங்கள். கிடைத்ததிலேயே மிகப் பழைய பெயர் வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். பெயரும் தேதியும் தவிர வேறு ஏதாவது தெரிந்த மூத்த தம்பதி யாரோ, அவர்களிடம் தொடங்குங்கள். அதற்கு முந்தையவர்களை ஒரு சிறு அத்தியாயத்தில் சொல்லிவிடலாம். கீழே வரும்போது 1940ல் ஷாக் தாபோவில் என்பவர் வகுத்த தசம எண்முறை வசதியானது. 1.3.2 என்றால் தொடக்கத் தம்பதியின் மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளை, அவ்வளவுதான். வேறு முறைகளும் இருக்கின்றன. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மென்பொருள். விவரங்களை அதில் ஏற்றி வைப்பது நல்லதுதான். 1984ல் வந்த ஜெட்காம் என்ற கோப்பு வடிவத்தால் ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் முடிகிறது. ஆனால் பொத்தானை அழுத்தினால் வரும் அறிக்கையை அப்படியே அச்சுக்கு அனுப்பாதீர்கள். பிறந்தார், மணந்தார், இறந்தார் என்று முந்நூறு பக்கத்தை யார் படிப்பது? விளக்கப்படங்களும் முழுப் பட்டியலும் நூலின் பின்பகுதிக்குப் போகட்டும். முன்னால் மனிதர்கள் வரட்டும்.

ஒரு தம்பதிக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வாழ்க்கையில் எது திருப்பமாக இருந்ததோ அதைச் சுற்றி எழுதுங்கள்: இடம்பெயர்ந்தது, தொழில் மாறியது, கடன்பட்டது, வழக்காடியது. ஆண்டை எழுதும் இடத்தில் வயதையும் சேர்த்துப் பாருங்கள். '1918 நவம்பரில் தாய் இறந்தார்' என்பது ஒரு பதிவு. 'தாய் இறந்தபோது மூத்த மகளுக்கு 9 வயது, கடைக்குட்டிக்கு இன்னும் பேச்சு வரவில்லை' என்றால் அந்த வீடு கண்முன் வருகிறது. அந்த ஆண்டு இன்ஃப்ளூயன்சா உலகம் முழுக்கப் பரவியது என்பதையும் பக்கத்தில் சொல்லலாம். ஆனால் இறப்புப் பதிவில் காரணம் இல்லையென்றால், அந்தக் காய்ச்சலில்தான் போனார் என்று அடித்து எழுதக் கூடாது. 'இருக்கலாம்' என்ற சொல்லுக்குக் குடும்ப வரலாற்றில் பெரிய மரியாதை உண்டு.

சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் தாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒருவருடைய வயதை வீட்டிலிருந்த வேறு யாராவது சொல்லியிருக்கலாம். பிறந்த சமயத்திலேயே எழுதிய பதிவுக்கு அதைவிட எடை அதிகம். எதை நம்பினீர்கள், ஏன் என்று ஒரு வரி எழுதினால் போதும். அடுத்த தலைமுறையில் தேடப் போகிறவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பல நூல்களில் மகன்களுக்குக் கிளை கிளையாகப் பக்கங்கள் இருக்கும். மருமகள் 'மனைவி' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடுவார், மகளோ திருமணத்தோடு காணாமல் போவார். தயவுசெய்து அவர்கள் பெயரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், 'பெயர் கிடைக்கவில்லை, இன்னின்ன ஆவணங்களில் பார்த்தோம்' என்று எழுதுங்கள். அவர்களுக்கும் எண் கொடுங்கள். எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று நூலின் கடைசியில் காட்டும் பெயரடைவிலும் சேர்த்துவிடுங்கள். பெயரடைவு இல்லாத குடும்ப நூலை நான் முழுமையான நூலாகவே கருதுவதில்லை. ஒரே பெயர் தலைமுறை தாண்டித் திரும்ப வருவதால், அடைவில் பெயரோடு பிறந்த ஆண்டையும் போட வேண்டும்.

உயிரோடிருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி வேண்டாம். தத்து, மணமுறிவு, நோய் போன்றவற்றைச் சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் அச்சில் ஏற்றக் கூடாது.

எல்லாம் கிடைத்த பிறகு எழுதலாம் என்று காத்திருக்க வேண்டாம். எல்லாம் கிடைக்கவே கிடைக்காது. ஓர் அத்தியாயத்தை இப்போதே எழுதிச் சில படிகள் எடுத்து உறவினர்களிடம் பென்சிலோடு கொடுங்கள். வாயால் கேட்டபோது ஒன்றும் நினைவில்லை என்றவர்கள்கூட, தப்பாக அச்சான பெயரைப் பார்த்ததும் மளமளவென்று சொல்லத் தொடங்குவார்கள். பெயரடைவை மட்டும் பக்க எண்கள் உறுதியான பிறகு கடைசியில் செய்யுங்கள்.

இதையெல்லாம் விரிவாகச் சொல்லும் இரண்டாவது கட்டுரை ஒன்றை நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நூல் முடித்தவர்கள் ஒரு படியை நூலகத்துக்கும் கொடுங்கள். அதில் தொகுத்தவர் பெயரும் வெளியிட்ட ஆண்டும் கட்டாயம் அச்சாகியிருக்கட்டும். இரண்டும் இல்லாத நூல்களை யார் பெயரில், எந்த ஆண்டில் பதிவது என்று நாங்கள் திண்டாடியிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர், உங்கள் நெடுநாள் வாசகி