குமணனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணு குமணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்கு பி.பி. மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது தலைசுற்றல் இல்லை. அமராவதியில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். தென்னையில் வெள்ளை ஈதான் இன்னும் போகவில்லை, கீற்றெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. பாப்பாவுக்குச் சளி நின்றதா? கற்பூரவல்லிக் கஷாயம் வைக்கச் சொன்னேனே, வைத்தீர்களா?

போனில் உன்னோடு பேச முடிவதில்லை. எடுத்தால் "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். அப்புறம் கூப்பிடுவதில்லை. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பேப்பரை மடித்து வைப்பதற்குள் உன் போன் வந்துவிடும். சரி, வேலை இருக்கும். நான் குறை சொல்லவில்லை.

போன வாரம் பாப்பா வீடியோவில் கூப்பிட்டாள். "ஆத்தா, எங்க அப்பா பேருக்கு என்ன அர்த்தம்? மிஸ் எழுதிட்டு வரச் சொன்னாங்க" என்றாள். உன்னைக் கேட்டதற்கு "ஒரு ராஜா பேரு" என்று சொல்லிவிட்டு லேப்டாப்பைப் பார்த்தாயாமே. என் அப்பா, உன் அப்புச்சி, இருந்திருந்தால் மனசு கஷ்டப்பட்டிருப்பார். உனக்குத் தெரியாத கதையா? அவர் மடியில் உட்கார்ந்து கேட்டவன்தானே நீ? அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் முதலில் நீ படி. முழுக்கப் படி.

நீ பிறந்தது சுவாதி. ஜோசியர் ரு, ரே, ரோ, தா என்று எழுதிக் கொடுத்தார். தாமோதரன் என்று வைக்கலாம் என்பது அப்பாவின் ஆசை. அப்பாவைப் பெற்ற உன் அப்பாரு குலதெய்வத்தின் பெயர்தான் என்று நின்றார். அப்புச்சி ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். தொட்டிலில் போட்டதும் எழுந்து வந்து உன் காதில் குமணன், குமணன், குமணன் என்று சொன்னார். அவருக்கு எதிரில் பேசுகிறவர்கள் அன்றைக்கு யாரும் இல்லை. உன் அப்பாருவின் வீட்டு ஆத்தா மட்டும் அடுப்படியில் என்னிடம் கேட்டார்: "நாட்டை உட்டுப்போட்டுக் காட்டுக்குப் போனவன் பேரையா பச்சைப் பிள்ளைக்கு வெப்பாங்க?" நான் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இந்த வயதிலும் எனக்குள் இருக்கிறது.

அப்புச்சி தலைமுறையில் தமிழ்ப் பெயர் என்பது ஒரு வேகம். 1916-ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டார். பிறகு நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். ஊருக்கு ஊர் செழியனும் வளவனும் இளங்கோவும் பாரியும் பிறந்தார்கள். குமணன் என்று வைத்தவர்கள் ரொம்பக் குறைவு. பள்ளிக்கூடத்தில் கடையெழு வள்ளல்கள் என்று மனப்பாடம் செய்வோமே, பேகன், பாரி, காரி, ஆய், அதிகன், நள்ளி, ஓரி, அந்தக் கணக்கில் குமணன் வரமாட்டான். அவன் அவர்களுக்குப் பின்னால் வந்தவன். சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார் புறநானூற்று 158-ஆம் பாட்டில் அந்த ஏழு பேரையும் ஒவ்வொருவராகச் சொல்லி, "எழுவர் மாய்ந்த பின்றை" உன்னை நினைத்து வந்தேன் என்று குமணனிடம் சொல்கிறார். ஏழு பேரும் போன பிறகு கேட்டு வருகிறவர்களுக்கு மிச்சம் இருந்த ஒரே வாசல் அவனுடையது. பாடப் புத்தகத்தில் ஏழோடு நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் உன் வகுப்பில் உன் பெயரில் யாரும் இருந்ததில்லை. பாப்பாவிடம் இதைச் சொல்லு.

அப்புறம் பெயரைச் சரியாக எழுதினவர்கள் யார்? ரேஷன் கார்டில் குமரன். கேஸ் புத்தகத்தில் குமாரன். உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் வந்ததைத் திருத்த அப்பா லீவு போட்டு அலைந்தார். எண்கணிதம் பார்க்கும் உன் பெரியம்மா ஆங்கிலத்தில் இன்னொரு 'ஏ' சேர்த்துக்கொள் என்றபோது நீ மறுத்துவிட்டாய். "அப்புச்சி வெச்ச மாதிரியே இருக்கட்டும்" என்றாய். காலேஜில் சேர்ந்த புதிது அது. எனக்கு அன்றைக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

பெயருக்கு அர்த்தம் கேட்டால் அந்த மனிதனின் கதையைத்தான் சொல்ல வேண்டும். அவன் ஆண்டது முதிர மலை. நம் உடுமலைப் பக்கத்துக் குதிரைமலைதான் அது என்று எழுதியிருக்கிறார்கள். கொழுமத்தின் பழைய பேர் குமணமங்கலம் என்று அப்புச்சி சொல்வார். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உன்னை ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, "பாரு, உன்ற மலை" என்று காட்டுவார்.

பாப்பாவுக்கு யானைக் கதையைச் சொல்லு. சின்ன வயதில் நீ கைதட்டிச் சிரித்த கதை. இளவெளிமான் என்ற சிற்றரசன் கொஞ்சமாகப் பரிசில் கொடுத்தான் என்று பெருஞ்சித்திரனார் அதை வாங்காமல் வந்துவிட்டார். குமணனிடம் போய் யானையையே வாங்கி வந்து, இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டிவிட்டு, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடம் வந்ததும் அப்புச்சி கைத்தடியால் தரையில் ஒரு தட்டு தட்டுவார்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது புறநானூற்று 163-ஆம் பாட்டு. அப்புச்சியின் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது, ஔவை துரைசாமிப் பிள்ளை உரை எழுதிய கழகப் பதிப்பு. முதுகு பிய்ந்து நூல் தொங்குகிறது, 163-க்குப் பக்கத்தில் பென்சில் கோடு. குமணன் கொடுத்த செல்வத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த புலவர் மனைவியிடம் கொடுத்து, எல்லோருக்கும் கொடு என்கிறார். உன்னை விரும்பி இருப்பவர்களுக்குக் கொடு, சுற்றத்துக்குக் கொடு, நம் பசிக்குக் கடன் கொடுத்தவர்களுக்குக் கொடு, என்னைக்கூடக் கேட்காதே என்கிறார். "என்னொடும் சூழாது" என்றே பாட்டில் இருக்கிறது. கவனி கண்ணு. கடன் கொடுத்தவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்திருக்கிறார். கொடுக்கிற உரிமையைப் பெண்டாட்டி கையில் வைத்திருக்கிறார். அவளுக்குத் தெரியாமல் ஒரு மணி அரிசி அந்த வீட்டை விட்டுப் போகவில்லை.

உன் வீட்டுக்காரிக்குத் தெரியுமா?

எதைக் கேட்கிறேன் என்று உனக்குப் புரியும். பேங்கிலிருந்து உன் பெயருக்கு ஒரு தபால் இங்கே வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அப்பா தோப்பில் இருந்தார், அவருக்குத் தெரியாது. நான் பிரிக்கவில்லை. பீரோவில் என் கூறைச்சேலைக்கு அடியில் இருக்கிறது. உறை மேல் உன் பெயர் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் இருக்கிறது. ரேஷன் கார்டில் வராத 'ண' அதில் வந்திருக்கிறது.

தாராபுரத்துப் பையன் சௌக்கியமா? அவன் ஆரம்பித்த கம்பெனி எப்படிப் போகிறது என்று உன் மாமா கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். காலேஜ் லீவுக்கெல்லாம் நம் வீட்டுக்கு வந்து, என் அரிசிம்பருப்புச் சாதத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். நல்ல பையன்தான். நான் யாரையும் தப்பாகச் சொல்லவில்லை. எதில் கையெழுத்துப் போட்டாலும் முழுக்கப் படித்துவிட்டுப் போடு என்று மட்டும் சொல்கிறேன். ஜாமீன் கையெழுத்து என்றால் அது உன் கடன்தான். அவன் கட்டவில்லை என்றால் உன்னைத்தான் கேட்பார்கள்.

நீ இப்படித்தான் என்று எனக்குத் தெரியும். ஆறாவது படிக்கும்போது புது சைக்கிளைச் சிநேகிதனிடம் கொடுத்துவிட்டு நடந்தே வந்தாய். அவன் வீடு தூரம் என்றாய். அப்பா அடிக்கக் கை ஓங்கினார், அப்புச்சி குறுக்கே வந்து நின்றார். "பேருக்குத் தக்கன இருக்கான், உடுங்க மாப்ளே" என்றார். அன்றைக்கு எனக்கும் கண் கலங்கிவிட்டது. இப்போதும் உன்னை நினைத்தால் பெருமைதான். பிள்ளைக்குக் கொடுக்கிற மனசு இருக்கிறது என்று எத்தனை தாய்க்குச் சொல்ல வாய்க்கும்? ஆனால் அன்றைக்குப் போனது ஒரு சைக்கிள். அது மறுநாளே வந்துவிட்டது.

அப்புச்சி கதையைக் கடைசி வரைக்கும்தான் சொன்னார். நீ பாதியைத்தான் பிடித்துக்கொண்டாய். தம்பி இளங்குமணன் நாட்டைப் பிடுங்கிக்கொண்டான், குமணன் காட்டில் இருந்தான். அவன் தலைக்குத் தம்பி விலை வைத்தான் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்தக் காட்டுக்குப் பெருந்தலைச் சாத்தனார் என்ற புலவர் தேடிக்கொண்டு போகிறார். அவர் வீட்டு நிலைமை 164-ஆம் பாட்டில் இருக்கிறது. சமைப்பதையே மறந்த அடுப்பில் காளான் பூத்திருக்கிறது. பால் வற்றிய மார்பைச் சுவைத்துச் சுவைத்துப் பிள்ளை அழுகிறது. பிள்ளை முகத்தைப் பார்த்த மனைவியின் கண்ணில் நீர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இவர் கிளம்பி வந்திருக்கிறார். கொடுக்கக் குமணனிடம் ஒன்றும் இல்லை. நாட்டை இழந்ததைவிடப் பரிசில் கேட்டு வந்தவன் வாடிப் போவது ரொம்பத் துன்பம் என்று சொல்லி, வாளை எடுத்து நீட்டுகிறான். என் தலையைக் கொண்டுபோ என்கிறான். "நாடிழந் ததனினும் நனியின் னாதென" என்று 165-ல் வருகிறது.

எல்லோரும் இந்த இடத்தில் குமணனைப் பார்த்துத்தான் வியக்கிறார்கள். நான் சாத்தனாரைப் பார்க்கிறேன். வீட்டில் பிள்ளை பட்டினி. கையில் வாள் இருக்கிறது, எதிரில் தலையைத் தருகிறேன் என்று ஒருவன் நிற்கிறான். அவர் வெட்டவில்லை. வாளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே தம்பியிடம் போய், உன் அண்ணன் இப்படிப்பட்டவன் என்று பாடினார். குமணன் பிழைத்தது அவன் கொடையால் இல்லை கண்ணு, கேட்டு வந்தவர் சாத்தனாராக இருந்ததால்.

உன்னிடம் கேட்டு வந்தவன் அப்படிப்பட்டவனா? அவன் உனக்குப் போன் செய்கிறானா? தவணை தேதி வந்தால் அவன் உன்னைத் தேடுகிறானா, நீ அவனைத் தேடுகிறாயா? எனக்குப் பதில் எழுத வேண்டாம். நீ யோசி.

இன்னொன்றும் இருக்கிறது. 160-ல் இன்னொரு சின்னப் பிள்ளை வருகிறான், பெருஞ்சித்திரனாரின் மகன். உச்சியில் கொஞ்சமாகக் குடுமி. சோறு இருக்கிறதா என்று ஒவ்வொரு பானையாகத் திறந்து பார்க்கிறான், எல்லாம் காலி. தாய் புலி வருகிறது என்று பயம் காட்டுகிறாள், நிலாவைக் காட்டுகிறாள். பிறகு, "உன் அப்பன் மேல் உனக்கு இருக்கிற கோபத்தை முகத்தில் காட்டு பார்க்கலாம்" என்கிறாள். இது படிக்கும்போதெல்லாம் பெருஞ்சித்திரனார் மேல் எனக்குக் கோபம் வரும். போன வாரம் வீடியோவில் பாப்பாவுக்குப் பின்னால் உன் வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் முகத்தைக் காட்டி நாலு வார்த்தை பேசுகிறவள், அன்றைக்குத் திரும்பவே இல்லை. அவளிடம் சொல்லிவிடு. இன்னும் சொல்லவில்லை என்றால் இன்றைக்கே சொல்லிவிடு. அவள் திட்டினால் கேட்டுக்கொள்.

என் நகை இருக்கிறது. மேற்குப் பக்கத்துத் தோப்பு என் பேரில்தான் இருக்கிறது, அப்புச்சி எழுதி வைத்தது. எவ்வளவு என்று சொன்னால் பார்க்கலாம். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ பேச வேண்டாம், உன் வாயிலிருந்து கேட்டால் அவருக்குக் கோபம் வரும். இனிமேல் எதிலும் கையெழுத்துப் போடாதே. போட்டால் படித்துவிட்டுப் போடு. அவளுக்கும் காட்டிவிட்டுப் போடு.

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் சனிக்கிழமை காலையில் வந்துவிடலாம். மூன்று பேரும் வாருங்கள். தபாலை நீயே வந்து பிரி. அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிரி. பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள், இங்கே விடிகாலையில் காற்று அதிகம். நேரம் இருந்தால் கொழுமம் வரைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போய் மலையைக் காட்டலாம்.

இப்படிக்கு
அம்மா